பட்டையின் சாம்பல் நிறங்கள்

குளிர்கால மரங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பவர்களிடம் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. பனியை வெறும் வெள்ளையாக்கி, மரத்தை வெறும் கறுப்பாக்கி, இடையில் கிடக்கிற அத்தனையையும் துடைத்துவிடுகிறார்கள். கைத்தொலைபேசியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் நிற்பது மேப்பிளா ஓக்கா, வயது போன மரமா இளமரமா, உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. எனக்கு அந்தப் படங்களில் மனம் ஒட்டுவதில்லை. இலை உதிர்ந்த மரத்துக்கென்று ஒரு முகம் இருக்கிறது. அது பட்டையில் இருக்கிறது. பட்டையின் நூறு வகைச் சாம்பல் நிறங்களில் இருக்கிறது. அதை அழித்துவிட்டு எடுக்கிற படம் யாருடைய படம் என்றே விளங்குவதில்லை.

நான் இருப்பது ஸ்காபரோவில், கனடாவின் ரொறொன்ரோ நகரத்துக் கிழக்குப் பக்கம். நம் ஆட்கள் நிறைந்த இந்தப் பகுதியில் இருந்து கொஞ்ச நேரம் காரில் போனால் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா வந்துவிடும். வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு இந்த நகரம் கண்ணாடிக் கட்டடங்களாகத் தெரியும். ஆனால் ரொறொன்ரோவின் நிலப்பரப்பில் சுமார் 17 சதவீதம் ஆறுகளும் ஓடைகளும் வெட்டிய பள்ளத்தாக்குகள். ரவீன் என்று சொல்வோம். வீட்டு வரிசைக்குப் பின்னால் திடீரென்று நிலம் இறங்கும். கீழே ஓடை, இரண்டு கரையிலும் காடு. கோடையில் உள்ளே இறங்கினால் பச்சையைத் தவிர ஒன்றும் தெரியாது. நவம்பர் நடுவில் இலை கொட்டி முடிந்ததும் அதே காடு திறந்துகொள்ளும். எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எது பக்கத்து மரத்தின் நிழலுக்குத் தப்பி வளைந்து போனது, எந்தக் கிளை எந்தப் புயலில் முறிந்தது, எல்லாம் வெளியே வரும். ஏப்ரல் வரைக்கும் அப்படியே நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த கண்ணுக்கு இது பழக இரண்டு மூன்று குளிர்காலம் தேவைப்பட்டது. ஊரில் இலையே இல்லாமல் நிற்கிற மரம் என்றால் வறட்சியில் நிற்கிற மரம். சுற்றிலும் வெயிலும் புழுதியும் இருக்கும். இங்கே அதே வெறுமை வெள்ளை நிலத்தில், ஈரக் காற்றில், நாலரை மணிக்கே இருட்டுகிற நாளில் நிற்கிறது.

வெளிச்சமும் வேறு. ரொறொன்ரோ 43.7 பாகை வடக்கில் இருக்கிறது. டிசெம்பர் 21ஆம் தேதி நடுப்பகலில்கூட இங்கே சூரியன் அடிவானத்தில் இருந்து 23 பாகைக்குமேல் ஏறாது. அதே நாள் நடுப்பகலில் யாழ்ப்பாணத்தில் 57 பாகை இருக்கும். ஊரில் படம் எடுக்கிறவர்கள் காலை ஒரு மணித்தியாலம், மாலை ஒரு மணித்தியாலம் என்று காத்திருப்பது உச்சி வெயில் எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடுவதால்தான். இங்கே டிசெம்பரில் நாள் முழுக்கச் சாய்வு வெயில். ஒரு மரத்தின் நிழல் நடுப்பகலிலும் அதன் உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்குக் கிட்ட நீளும். அநேகமான பட்டைகளைப் படம் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. பக்கவாட்டில் இருந்து வருகிற ஒளி ஒவ்வொரு வெடிப்பின் ஒரு கரையை வெளிச்சமாக்கி மறு கரையை நிழலில் விடும். ஆழம் கண்ணுக்குத் தெரியும். குளிர்காலத்தில் வெளிச்சம் இல்லை என்று கமராவை உள்ளே வைத்துவிடுகிறவர்களிடம் நான் சொல்கிற முதல் விஷயம் இதுதான்.

இரண்டாவது விஷயம் மீற்றர். கமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். விழுகிற ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற ஒரு சாம்பல்தான் அதற்கு உலகம். புதிதாக விழுந்த பனி 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். ஆகவே கமரா சொன்னபடி எடுத்தால் பனி ஊத்தைச் சாம்பலாகவும் மரம் கரியாகவும் வரும். கரியான மரங்களைப் பார்த்துவிட்டு, அதுதான் குளிர்காலத்தின் இயல்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது மீற்றரின் வேலை. ஒன்றரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் ஒளியை இரட்டிப்பாக்குவது) கூட்டிக் கொடுத்தால் பனி பனியாகும், பட்டையும் கண் திறக்கும். வெயில் படுகிற புதுப் பனி என்றால் இரண்டு வரைக்கும் போகலாம். அதற்கு மேலே போனால் பனியில் இருக்கிற மணல் போன்ற நுணுக்கம் தொலைந்து வெறும் கடதாசி ஆகிவிடும்.

அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் அன்செல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி உருவாக்கிய ஸோன் முறை இதைத்தான் ஒழுங்காகச் சொல்லித் தருகிறது. முழுக் கறுப்பில் இருந்து முழு வெள்ளை வரைக்கும் படிகளாகப் பிரித்து, காட்சியில் எது எந்தப் படியில் உட்கார வேண்டும் என்று எடுக்கும் முன்பே தீர்மானிப்பது. நுணுக்கம் உள்ள பனி எட்டாம் படிக்கு அருகில், நடுச்சாம்பல் ஐந்தாம் படியில். நான் பனியில் இருந்து தொடங்குவதில்லை. மரத்தின் நிழல் பக்கத்துப் பட்டையைப் பார்த்து, அது மூன்றாம் படிக்குக் கீழே இறங்காமல் வைத்துக்கொண்டு, பிறகுதான் பனி எங்கே போகிறது என்று பார்க்கிறேன். மேகம் மூடிய நாளில் இரண்டும் அடங்கிவிடும். வெயில் நாளில் பட்டைக்காகக் கொஞ்சம் பனியை விட்டுக்கொடுக்க நேர்ந்தால் விட்டுக்கொடுப்பேன்.

லென்ஸின் முன்னால் போடுகிற நிறக் கண்ணாடியான பில்டர் பற்றி ஒரு வார்த்தை. பனிமேல் விழுகிற நிழல் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தாலும் உண்மையில் நீலம். சூரியன் படாத இடத்துக்கு வெளிச்சம் கொடுப்பது நீல வானம்தான். சிவப்பு பில்டர் போட்டால் வானமும் கறுக்கும், பனிமேல் நிழலும் கறுக்கும். அந்த நாடகத்தன்மை எனக்கு வேண்டாம். மஞ்சள் போதும்; மெல்லிய நிழல்களைப் பனியில் இருந்து பிரித்துக் காட்டும், அவற்றைக் குழியாக்காது. டிஜிட்டலில் எடுக்கிறவர்கள், கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற ரோ கோப்பில் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தைக் கொஞ்சமாகக் குறைத்தால் இதே பலன் வரும். நான் பெரும்பாலும் இல்போர்ட் எச்பி5 பிலிமில் எடுக்கிறேன். டிஜிட்டல் குறைந்தது என்பதால் இல்லை. சுருளில் படம் குறைவாக இருப்பதால் மரத்தை நின்று பார்க்கிறேன்.

புகைப்படக்கலையும் குளிர்கால மரமும் ஏறக்குறையச் சேர்ந்தே பிறந்தவை. இங்கிலாந்தில் லேகொக் என்ற ஊரில், புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான வில்லியம் ஹென்றி பொக்ஸ் டால்பட் 1840களின் தொடக்கத்தில் இலையில்லாத ஓக் மரம் ஒன்றை எடுத்தார். கடதாசியையே நெகடிவாகப் பயன்படுத்திய கலோடைப் முறை. 1841இல்தான் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு இரண்டு விஷயம் தோன்றும். அந்தக் கடதாசி ஒளி வாங்க நீண்ட நேரம் வேண்டும். இலை உள்ள மரம் என்றால் காற்றில் ஆடிக் கலங்கிப்போயிருக்கும், இலையில்லாத மரம் அசையாமல் நின்று கொடுத்தது. அடுத்தது, அந்த இரசாயனம் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டும்தான் உணரும். அதனால் வானம் எப்போதும் வெள்ளையாகவே வரும். அந்த வெள்ளை வானத்தில் ஓக்கின் கடைசிச் சுள்ளி வரைக்கும் எழுதி வைத்ததுபோல் நிற்கிறது. கருவியின் குறைகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வரமாக வந்து பொருந்தியிருக்கின்றன.

நூறு வருடம் கழித்து, பிராக் நகரில் ஜோசப் சுடெக். முதல் உலகப்போரில் வலது கையை இழந்தவர். 1940 முதல் 1954 வரையான காலத்தில், ஜெர்மன் ஆக்கிரமிப்பில் தொடங்கி, தன் ஸ்டூடியோவின் ஜன்னலையும் அதற்கு வெளியே முற்றத்தில் முறுகி வளைந்து நின்ற சிறிய மரத்தையும் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் நீர் படிந்து வழியும். அதற்கு அப்பால் மரம். சில படங்களில் மரம் ஒரு கறை அளவுக்குத்தான் தெரியும். வெளியே போய் நல்ல மரமாகத் தேட வேண்டியதில்லை, கண்முன்னால் நிற்பதைப் போதிய காலம் பார்த்தால் போதும் என்று எனக்குச் சொல்லித் தந்தவை அந்தப் படங்கள். அவரின் அச்சுகளில் தூய வெள்ளை அரிது, தூய கறுப்பும் அரிது. எல்லாம் நடுவில்.

சரி, பட்டைகளுக்கு வருகிறேன். என் மனம் நிற்கிற இடம் இதுதான்.

பீச் மரத்தின் பட்டை வயதானாலும் வெடிக்காது. யானைக்கால் மாதிரி மழமழப்பான வெளிர்சாம்பல், கிளை பிரியும் இடங்களில் மட்டும் சுருக்கம். மேகமூட்டமான நாளில் அது பனிக்கு அடுத்த நிறத்தில் வந்து நிற்கும். அதை எடுக்கப் பின்னால் இருட்டு வேண்டும். ரவீன்களின் வடக்குப் பார்த்த சரிவுகளில் ஹெம்லொக் என்கிற பசுமை மாறா மரம் நிற்கும். அதன் முன்னால் நிற்கிற பீச்சைத் தேடிப் போவேன். இளம் பீச் மரங்கள் குளிர்காலம் முழுக்க வெளுத்த இலைகளை உதிர்க்காமல் வைத்திருக்கும். கறுப்பு வெள்ளையில் அந்த இலைகள், சுற்றிலும் எல்லாம் அடங்கிக் கிடக்க, தாமே வெளிச்சம் விடுவதுபோல் வரும். வண்ணத்தில் அதே காட்சி வெறும் மங்கிய பழுப்பு.

சீனி மேப்பிள் இளமையில் ஒழுங்காக இருந்து, வயது போகப் போகப் பட்டை நீள் தகடுகளாக ஒரு பக்கம் மட்டும் பெயர்ந்து நிற்கும். சாய்வு வெயிலில் ஒவ்வொரு தகட்டுக்கும் தனி நிழல். ரொறொன்ரோவின் ஹை பார்க் பூங்காவில் நிற்கிற கறுப்பு ஓக்குகளின் பட்டை ஆழமாகப் பிளந்து கட்டிகட்டியாக இருக்கும்; அவற்றுக்கு வெயில் இல்லாத நாள்தான் சரி, வெயிலில் பிளவுகள் வெறும் கறுப்புக் கோடாகிவிடும். கடதாசிப் பேர்ச் மரத்தைப் பனியில் எடுப்பது கடினம். வெள்ளையில் வெள்ளை. பட்டையில் ஓடுகிற குறுக்குக் கோடுகளையும் கிளை விழுந்த கறுத்த தழும்புகளையும் பிடித்துக்கொண்டுதான் அதை அடையாளம் காட்ட வேண்டும். அந்த வெள்ளைக்குக் காரணம் பட்டையில் உள்ள பெட்டுலின் என்ற பொருள். பகலில் வெயில் தண்டைச் சூடாக்கி இரவில் அது சட்டென உறைந்தால் மரம் வெடிக்கும். வெள்ளைப் பட்டை வெயிலைத் திருப்பி அனுப்பி அந்தச் சூட்டைத் தணிக்கிறது.

பனி உருகுகிற நாள் இன்னும் விசேஷம். கிளைகளில் இருந்து வருகிற நீர் தண்டில் தான் விரும்பிய வழியால் மட்டும் இறங்கும். நனைந்த இடம் கறுத்து, காய்ந்த இடம் வெளிர்ந்து, ஒரே தண்டில் இரண்டு மரம் தெரியும். அந்த ஈரம் காய ஒரு மணித்தியாலம் போதும். வீட்டில் மற்ற வேலையை விட்டுவிட்டு ஓடுகிற நாள் அது.

ஒருநாள் ரூஜ் ஆற்றங்கரையில் ட்ரைபொட்டை வைத்துவிட்டு நின்றேன். நடைக்கு வந்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, உந்தப் பட்ட மரத்தில என்னத்தைப் பாக்கிறீர்?”

“ஐயா, இது பட்ட மரம் இல்லை. கிட்ட வந்து பாருங்கோ,” என்று தாழ்ந்த கிளை ஒன்றை இழுத்துக் காட்டினேன். நுனியில் மொட்டுகள் இருந்தன. அடுத்த வருட இலை முந்தைய கோடையிலேயே உருவாகிச் செதிலுக்குள் மூடிக் காத்திருக்கும். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மரத்தைக் காட்டி, “அப்ப அது?” என்றார்.

அது ஆஷ் மரம். அது உண்மையிலேயே பட்டுப்போயிருந்தது.

கறுப்பு வெள்ளையில் முழு நிழலுருவாக எடுத்தால் அந்த இரண்டு மரங்களும் ஒன்றுதான். இந்தப் பழக்கத்தின்மேல் எனக்கிருக்கிற கோபத்தின் வேர் இதுவே. மரகத ஆஷ் துளைப்பான் என்ற பச்சை வண்டு கிழக்கு ஆசியாவில் இருந்து வந்தது. 2002இல் அமெரிக்காவின் டெட்ரொயிட்டிலும் கனடாவின் வின்ட்சரிலும் கண்டுபிடித்தார்கள். 2007இல் ரொறொன்ரோவுக்கு வந்துவிட்டது. அதன் புழு பட்டைக்கு அடியில் வளைந்து வளைந்து தின்றுகொண்டு போகும். நீரும் உணவும் ஓடுகிற வழி அறுந்து, சில வருடங்களில் மரம் விழும். இந்த நகரின் ஆஷ் மரங்களில் பெரும்பகுதி அப்படிப் போய்விட்டது. தெரு ஓர மரங்களை வெட்டி அகற்றிவிட்டார்கள். ரவீன்களில் பல நின்றபடியே செத்து நிற்கின்றன.

ஆஷை அடையாளம் காணக் கிளையைப் பார்க்க வேண்டும். மேப்பிளைப் போலவே அதன் கிளைகளும் இரண்டிரண்டாக எதிரெதிரே பிரியும். ஓக், பீச், பேர்ச் எல்லாம் மாறி மாறிப் பிரிபவை. பட்டை, வைரக்கட்டம் போட்டதுபோல் பின்னிய மேடுகள். வண்டு விழுந்த மரத்தில் அந்த மேடுகளை மரங்கொத்திகள் புழுவுக்காக உரித்துவிடும்; அங்கங்கே வெளிறிய திட்டுகள் தெரியும். கிட்டப் போனால் வண்டு வெளியேறிய சிறு துளைகள், ஒரு பக்கம் தட்டையாக, அரைவட்டத்துக்குக் கிட்டிய வடிவில். நுனிச் சுள்ளிகள் உதிர்ந்து கிளைகள் மொட்டையாக முடியும். இவை எல்லாம் சாம்பலுக்கும் வெளிர்சாம்பலுக்கும் இடைப்பட்ட வித்தியாசங்கள். மாறுபாட்டைக் கூட்டும் ஸ்லைடரை ஒரு இழுப்பு இழுத்தால் அந்த வரலாறு முழுக்கப் போய்விடும்.

எல்லா ஆஷும் சாகவில்லை. நகரசபை சில மரங்களைத் தேர்ந்து, தண்டின் அடியில் மருந்து செலுத்திக் காப்பாற்றி வருகிறது. அந்த மருந்தில் இருப்பது அசாடிராக்டின், வேப்பங்கொட்டையில் இருந்து எடுப்பது. இதைப் படித்த அன்று நான் எழுந்து அறைக்குள் நடக்கத் தொடங்கிவிட்டேன். எங்கள் முற்றத்து வேம்பின் கொட்டையை மிதித்துக்கொண்டு வளர்ந்தவன் நான். அதன் கசப்பு, வேம்பு ஒரு குளிர்காலம்கூடத் தாங்காத இந்த மண்ணில், இன்னொரு மரத்தின் உடம்புக்குள் ஏறி அதை நிற்க வைத்திருக்கிறது. தெருவோரத்தில் உயிரோடு நிற்கிற ஆஷைக் கண்டால் இப்போதெல்லாம் குனிந்து அடித்தண்டைப் பார்க்கிறேன், மருந்து ஏற்றிய வடு இருக்கிறதா என்று. இருந்தால் அந்த வடுவோடு சேர்த்தே எடுப்பேன்.

புயலையும் மரத்தில் வாசிக்கலாம். 2013 டிசெம்பர் 21, 22 தேதிகளில் இங்கே உறைமழை பெய்தது. விழுகிற நீர் தொட்ட இடத்தில் கண்ணாடியாக இறுகியது. ரொறொன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. கிறிஸ்மஸ் அன்றும் இருட்டில் இருந்த வீடுகள் பல. பனிக்கட்டி பூண்ட மரங்களை அன்று எல்லோரும் எடுத்தார்கள், மினுங்குகிற அழகு அது. எனக்கு அதற்குப் பிந்தைய படங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. பாரத்தில் முறிந்த கிளையின் மொட்டையில் இருந்து நேர் மேலே கிளம்பும் ஒல்லியான தளிர்க்கிளைகள், இத்தனை வருடத்தில் கை மொத்தத்துக்கு வளர்ந்துவிட்டன. கோடையில் இலை மூடிவிடும். குளிர்காலத்தில் மட்டும், அந்த இரவில் எங்கே முறிந்தது என்று மரம் காட்டும்.

குளிரில் வேலை செய்வது பற்றிச் சுருக்கமாக. மின்கலம் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்று மின்கலத்தை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். பிலிமை மெதுவாகச் சுற்றுங்கள். வறண்ட குளிரில் வேகமாகச் சுற்றினால் நிலைமின் பொறி பறந்து படத்தில் வேர்போலக் கீறல் விழும். வீட்டுக்குள் வருமுன் கமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் இட்டுக் கட்டிவிடுங்கள், நீர் பையின்மேல் படியும், லென்ஸில் படியாது. மூச்சை வ்யூபைண்டரில் விடாதீர்கள், நொடியில் உறைந்துவிடும்.

வெட்டவெளியில் தனியாக நிற்கிற ஒற்றை மரம் குளிர்காலப் படங்களின் செல்லப்பிள்ளை. ஜப்பானின் ஹொக்கைடோவில், குஷாரோ ஏரிக்கரையில் நீர்ப்பக்கம் சாய்ந்து நின்ற ஒரு மரத்தை மைக்கேல் கென்னா எடுத்த படங்களால் அந்த மரத்தை உலகமே அறிந்தது. பின்னர் அது வெட்டப்பட்டுவிட்டது. கென்னாவின் படங்களை நான் மதிக்கிறேன். வெள்ளையும் கறுப்புமாகத் தெரிந்தாலும், நல்ல அச்சில் பார்த்தால் இடையில் எத்தனை மென்மையான சாம்பல் என்பது விளங்கும். அவரைப் பார்த்துச் செய்கிறவர்கள் வெறுமையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தச் சாம்பலை விட்டுவிடுகிறார்கள். என் பக்கத்துக் காட்டில் தனி மரம் இல்லை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து நிற்பவை. அவற்றைப் பிரித்துத் தருவது மூடுபனி, அல்லது கொட்டுகிற பனி. பெரிய செதில்களாகப் பனி விழும்போது ஒவ்வொரு பத்து அடிக்கும் ஒரு மெல்லிய திரை விழுந்ததுபோல் பின்வரிசை மரங்கள் வெளிறிக்கொண்டே போகும். முன்னால் நிற்பது மட்டும் தன் முழுச் சாம்பலோடு நிற்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்தால் செதில்கள் புள்ளியாக இருக்கும், வேகத்தைக் குறைத்தால் கீறலாகும். எனக்குக் கீறல் பிடிக்காது, பட்டைமேல் கோடு விழுகிறது.

அச்சிடுகிறவர்களுக்கு ஒன்று. படத்தில் பனியின் வெள்ளை என்பது உங்கள் கடதாசியின் வெள்ளைதான், அதற்கு மேலே ஒன்றும் இல்லை. ஆகவே நீலம் கலந்த பளிச் வெள்ளையை விட்டு, மினுக்கமில்லாத, கொஞ்சம் இதமான வெள்ளைக் கடதாசியைத் தேர்ந்து பாருங்கள். பெரிதாக அச்சிடவும் வேண்டாம். கையில் பிடித்துக் கிட்ட வைத்துப் பார்க்கிற அளவில்தான் பட்டை பேசும்.

இந்த ஜனவரியில் பீச் மரங்களைத் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். 2012இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் முதலில் கண்ட பீச் இலைநோய் 2017இல் எங்கள் ஒன்ராறியோ மாகாணத்துக்கு வந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூற்புழு. இலையில் நரம்புகளுக்கு இடையே கறுத்த வரிகள் விழும், இலை சுருங்கித் தடிக்கும், இளமரங்கள் சில வருடங்களில் போய்விடும். குளிர்காலத்தில் அந்தப் புழு தங்கியிருப்பது மொட்டுக்குள். பீச் மொட்டு நீளமாக, ஊசிபோல் கூராக, செதில் அடுக்கி இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் நோயுள்ளதும் நோயில்லாததும் சுலபத்தில் பிரித்தறிய முடியாதவை. ஆகவே மொட்டுகளை மக்ரோ லென்ஸில் கிட்ட எடுக்கிறேன், அதே மரத்தின் தண்டை எடுக்கிறேன், மரம் நிற்கிற இடத்தைக் குறித்துக்கொள்கிறேன். மே மாதம் இலை விரிந்ததும் அதே மரங்களுக்குத் திரும்பிப் போக வேண்டும். உங்கள் பக்கத்து ரவீனில் பீச் நின்றால் நீங்களும் எடுங்கள். வெயில் இல்லாத நாளாகப் பார்த்து, ஒன்றரை ஸ்டொப் கூட்டி, பின்னால் ஒரு ஹெம்லொக் வருகிற மாதிரி நின்றுகொண்டு.